மின்னலுக்குப் பயந்து மின்னலை இழந்த கதை

“என்னப்பா இது, சட்டியிலே அப்பளம் பொரியற மாதிரி இரையுது?”

பாட்டி இப்படிக் கேட்டதும் என் முகம் விழுந்துவிட்டது. இரண்டு மாதம் உட்கார்ந்து நானே செய்த வானொலிப் பெட்டி அது. ஈப்போவில் என் அறையில் கண்ணாடி போலத் தெளிவாகப் பாடியது. சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் பாட்டி வீட்டு மேசையில் வைத்ததும் இரைச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

பாட்டி இருப்பது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, இன்று செம்பனைக் காடாக மாறிவிட்ட இடம். லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் காலி. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். விடிவதற்கு முன் எழுந்துவிடும் பாட்டிக்குப் பேச்சுத் துணை வானொலிதான். கைப்பேசியில் கேட்கலாமே என்பீர்கள். அங்கே இணையம் வாசலில் வரும், அடுப்படிக்குப் போனால் நின்றுவிடும்.

அவரிடம் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. நிலையங்களை நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் திருகியைத் திருப்பப் பாட்டியால் முடிவதில்லை. நாற்பது ஆண்டுகள் உளி பிடித்துப் பால் வெட்டிய விரல்கள் இப்போது மடங்கிப் போய்விட்டன. யாராவது தெரியாமல் திருகியைத் தொட்டுவிட்டால், அடுத்து யாராவது வீட்டுக்கு வரும்வரை அவருக்குத் தமிழ் கிடையாது.

அதனால்தான் ஒரே ஒரு பெரிய பொத்தான் உள்ள பெட்டியைச் செய்தேன். ஒரு முறை அழுத்தினால் மின்னல் எஃப்.எம். மறுபடி அழுத்தினால் நான் பேசும் நிலையம். வானொலி அறிவிப்பாளன் நான். ஊருக்கெல்லாம் கேட்கும் என் குரல் பாட்டி வீட்டுக்குள் மட்டும் வரவில்லை என்றால் எப்படி இருக்கும்?

*மலையைச் சுற்றி வராத அலை*

தோட்டத்துத் தமிழருக்கும் வானொலிக்கும் உள்ள உறவு நீண்டது. 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியபோதே மலாய், சீனம், ஆங்கிலத்துடன் தமிழும் ஒலித்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதன் பிறகு தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசாங்கமே பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கத்துக்குப் பிரசாரம் நோக்கம்; மக்களுக்குப் பாட்டு நோக்கம். பின்னாளில் வானொலி 6 என்று நாம் அறிந்த அந்தத் தமிழ்ச் சேவைதான் 2005இல் மின்னல் எஃப்.எம். ஆனது.

அந்தக் காலப் பெட்டிகள் கேட்டவை மத்திய அலையும் சிற்றலையும். மத்திய அலை தரையை ஒட்டி ஊர்ந்து மேடு பள்ளம் கடந்து வரும். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். எஃப்.எம். அலை அப்படியல்ல. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஈப்போவின் மேற்கே சுமார் 800 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிளேடாங் மலையின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருப்பது அதனால்தான். தடையில்லாத சமவெளியாக இருந்தால் அந்த உயரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் அலை போய்ச் சேரும். ஆனால் பேராக்கில் ஏது அத்தனை சமவெளி? சுண்ணாம்புக் குன்றுகள், மலைத்தொடர்கள், அவற்றுக்கு இடையே பள்ளத்தில் ஒரு லயம். அங்கே வந்து சேர்வது மிச்சம் மீதிதான்.

அந்த மிச்சத்தைப் பாட்டியின் பழைய பெட்டி பிடித்தது. என்னுடைய புதுப் பெட்டி பிடிக்கவில்லை. ஆக, குறை மலையில் இல்லை, என் பலகையில்தான்.

*சத்தம் வேறு, கேட்கும் திறன் வேறு*

நான் படித்தது ஊடகத் துறை. ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கற்றது இடைநிலைப் பள்ளியின் ‘கெமாஹிரான் ஹிடுப்’ பாடத்தில்தான். மற்றதெல்லாம் பிறகு ஆர்வத்தில் சேர்ந்தது. மின்சுற்றுப் பலகையை நானே வரைந்து சீனாவுக்கு அனுப்பி அச்சிட்டு வாங்கினேன். அதன் நடுவே நகக்கண் அளவில் ஓர் எஃப்.எம். சில்லு. நிலையத்தைத் தேடுவது, குரலைப் பிரிப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட சில்லுகளுக்கு 2 மைக்ரோவோல்ட் அளவு சமிக்ஞை கிடைத்தால்கூடப் போதும். 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை 7 லட்சத்து 50 ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! அவ்வளவு நுட்பமான காதுள்ள சில்லு ஏன் செவிடானது?

இங்கேதான் முதலில் தடுமாறினேன். ஒலி சரியாக வரவில்லை என்றால் பெருக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இணையக் கடையில் 25 வெள்ளிக்கு ஓர் அலைப்பெருக்கி வாங்கி, ஏரியலுக்கும் பலகைக்கும் நடுவே போட்டேன். இரைச்சல் இன்னும் பலமாகக் கேட்டது. அவ்வளவுதான்.

ஒரு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அமைதியான வீட்டில் அடுத்த அறையில் கிசுகிசுத்தாலும் காதில் விழும். பாசார் மாலாமின் நடுவே பக்கத்தில் நின்று பேசினாலும் விழாது. காது அதே காதுதான். சுற்றியிருக்கும் சத்தம்தான் வேறு. வானொலியின் கேட்கும் திறன் என்பதும் இதுதான்: வேண்டிய சமிக்ஞைக்கும் வேண்டாத இரைச்சலுக்கும் இடையிலுள்ள இடைவெளி. இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் இடைவெளி அப்படியே இருக்கும்.

கொஞ்சம் இரைச்சல் இயற்கையிலேயே உண்டு. எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பதால் மெல்லிய மின் இரைச்சல் பிறக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் என்பவர் இதை அளந்து 1928இல் வெளியிட்டார். அதே ஆய்வகத்தின் ஹரால்டு ஃபிரிஸ் 1944இல் இன்னொரு விதியைக் கணக்காக எழுதிக் காட்டினார். வானொலி வாங்கியில் முதல் படியில் சேரும் இரைச்சலும் முதல் படியில் ஏற்படும் இழப்பும்தான் மொத்தத் தரத்தையும் முடிவு செய்கின்றன. பின்னால் எத்தனை பெருக்கி வைத்தாலும், வாசலில் இழந்ததை மீட்க முடியாது.

*ஊட்டி மலை சொல்லும் பாடம்*

இந்த விதியை மிகப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வுக் கழகம் அமைத்த வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஐந்து காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் வரிசையாக வைத்த நீளம்! பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக, சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள்.

வானத்துப் பொருள்களிலிருந்து வரும் அலையைப் பிடிக்க அதில் 1,056 இருமுனை ஏரியல்கள் வரிசையாக உள்ளன. தொடக்கத்தில், பல ஏரியல்களின் சமிக்ஞை ஒன்றுசேர்ந்து, வழியில் பல உறுப்புகளைக் கடந்த பிறகே பெருக்கியை அடைந்தது. கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் இழப்பு. 1990களின் தொடக்கத்தில் அந்த வரிசையையே மாற்றினார்கள். ஒவ்வோர் ஏரியலுக்கும் பின்னாலேயே, இழப்பு தொடங்கும் முன்பே, குறைந்த இரைச்சல் பெருக்கி ஒன்றை வைத்தார்கள். தொலைநோக்கியின் கேட்கும் திறன் சுமார் மூன்று மடங்கு கூடியது. தொலைநோக்கியைப் பெரிதாக்கவில்லை, வாசலில் நடந்த இழப்பைத்தான் நிறுத்தினார்கள்.

என் மேசைமேல் கிடந்த சிறு பலகைக்கும் இதே பாடம்தான். ஏரியலிலிருந்து சில்லு வரை உள்ள அந்த இரண்டு அங்குலத்தில் என்ன நடக்கிறது? அதை நான் பார்க்கவே இல்லை.

*கூட்டாதே, கழித்துப் பார்*

ஈப்போவில் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பலகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர் முதலில் கேட்டது, “இதிலே என்னென்ன சேர்த்தே, தம்பி?”

பெருமையாகப் பட்டியல் போட்டேன். நேரம் காட்டச் சின்னத் திரை, கைப்பேசி சார்ஜரில் ஓட மின்மாற்றுப் பகுதி, இடி மின்னலுக்குக் காப்பு, புதிதாக அலைப்பெருக்கி.

“சரி, ஒவ்வொண்ணா எடு. எதை எடுத்தா நல்லாகுதோ அதுதான் குத்தவாளி.”

அளவிடும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் சில்லுக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருந்தது. பிடிக்கும் அலையின் பலத்தை அது எண்ணாகச் சொல்லும். பாட்டி வீட்டுக்கே இருவரும் போனோம். நிலையம் ஒலிக்கும் அலைவரிசையில் ஓர் எண், எந்த நிலையமும் இல்லாத அலைவரிசையில் ஓர் எண் என்று எடுத்துக் குறித்தோம். பெருக்கியைக் கழற்றிய பிறகு நிலையம் 32, வெற்றிடம் 31. நிலையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பெட்டிக்கு ஒன்றுதான்! வெற்றிடத்தில் 31 வருகிறது என்றால், அங்கே யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினோம். இக்காலச் சார்ஜர்களும் மின்மாற்றுப் பகுதிகளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம், பல லட்சம் தடவை வெட்டி வெட்டித்தான் மாற்றுகின்றன. அந்த வெட்டின் எதிரொலிகள் எஃப்.எம். அலைவரிசை வரை நீள்வதுண்டு. வெற்றிடத்தின் எண் இறங்கியது.

அடுத்து திரை. அதற்குள்ளும் மின்னழுத்தத்தை ஏற்றும் சிறு பகுதி துடித்துக்கொண்டே இருக்கிறது. திரையை அணைத்துவிட்டு அளவை எடுத்து, பிறகு எரியவிட்டுக் காட்டும்படி நிரலை மாற்றினேன். வெற்றிடம் 19 ஆனது. நிலையம் 26. இரைச்சலுக்கு அடியில் மெல்லிய குரல் ஒன்று எட்டிப் பார்த்தது. யார் பாடுகிறார் என்று சொல்ல முடியவில்லை; ஆனால் பாடுகிறார்.

பக்கத்தில் பழைய பெட்டி தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது. ஆக, இன்னும் ஏதோ இருக்கிறது.

*டையோடும் பால் மங்கும்*

“இப்போ பின்னாலேயிருந்து வா,” என்றார் மாமா. சில்லுக்கு முன்னால் இருந்த மின்தேக்கியின் ஒரு காலைத் தூக்கினேன். ஏரியல் பக்கத்துத் தொடர்பு அறுந்தது. அந்தக் காலிலேயே நேராக 75 சென்டிமீட்டர் கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். அறை முழுக்கப் பாட்டு! பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சில்லு செவிடல்ல. ஏரியல் செருகும் இடத்திலிருந்து அந்த மின்தேக்கி வரை உள்ள பாதையில்தான் திருட்டு. அந்தப் பாதையில் இருந்தது ஒரே ஓர் உறுப்பு: மின்னலுக்குப் பயந்து நான் வைத்த காப்பு டையோடு.

நம் நாட்டில் இடியும் மின்னலும் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பாட்டி வீட்டில் ஒரு தொலைக்காட்சி ஏற்கெனவே இடியில் போயிருக்கிறது. அதனால் கையிலிருந்த பெரிய டையோடாகப் பார்த்து ஏரியல் பாதைக்கும் தரைக்கும் நடுவே வைத்தேன். அது மின்வழங்கிகளைக் காக்கச் செய்யப்பட்ட வகை. அதிக மின்னழுத்தம் வந்தால் தரைக்குத் திருப்பிவிடும், மற்ற நேரத்தில் சும்மா இருக்கும் என்று நம்பினேன்.

அது சும்மா இருக்காது. எந்த டையோடுக்கும் கொஞ்சம் மின்தேக்கும் குணம் உண்டு. மின்வழங்கிக்கான பெரிய வகைகளில் அது பல நூறு பிக்கோஃபாரட் இருப்பது சாதாரணம். மின்வழங்கியில் அதனால் தொல்லையில்லை. ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலைக்கு 300 பிக்கோஃபாரட் என்பது வெறும் 5 ஓம் தடை. கதவைத் திறந்து வைத்த மாதிரி. வந்த அலையில் பெரும்பகுதி சில்லுக்குப் போகாமல் அந்தக் கதவு வழியாகத் தரைக்கு ஓடிவிட்டது. பெருக்கியையும் அந்தக் கதவுக்கு முன்னால்தான் வைத்திருந்தேன். ஆனால் பெருக்கி கொடுத்ததில் பெரும்பகுதியை டையோடு விழுங்கியது. மிஞ்சியது பலகையின் சொந்த இரைச்சலைத் தாண்டவில்லை. அந்த மலிவுப் பெருக்கி தன் பங்குக்கும் இரைச்சலைச் சேர்த்தது.

இதைப் பாட்டிக்கு விளக்கப் பார்த்தேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். “வெட்டு சரியில்லாம பால் பட்டையிலே வழிஞ்சு போச்சுன்னா மங்குலே என்ன இருக்கும்? பெரிய மங்கா வெச்சா மட்டும் ரொம்பிடுமா?”

ஃபிரிஸ் 1944இல் எழுதிய கணக்கு, பால்மரத்தடியில் தெரிந்த கணக்குதான்.

டையோடைக் கழற்றி, மின்தேக்கியின் காலைப் பழையபடி இணைத்தேன். வெற்றிடம் 21, நிலையம் 46. ஈப்போவில் இந்தக் குறை ஏன் தெரியவில்லை என்பதற்கும் அப்போது விடை கிடைத்தது. கிளேடாங் மலை கண்ணுக்குத் தெரியும் வீட்டில் அலை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. நூற்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வந்தாலும் அங்கே போதும். எஃப்.எம்.மின் குணமும் அப்படி: ஓர் எல்லை வரை தெளிவாகவே கேட்கும், அதற்குக் கீழே போனால் சட்டென்று இரைச்சலில் மூழ்கிவிடும். நகரத்தில் செய்து நகரத்திலேயே சோதித்த பெட்டி, தோட்டத்தில் தோற்றதில் வியப்பில்லை.

மின்னலுக்குப் பயந்து மின்னலையே வாசலில் நிறுத்திவிட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

காப்பு இல்லாமல் விட்டுவிடவும் இல்லை. யு.எஸ்.பி. போன்ற வேகமான தகவல் கம்பிகளுக்கென்றே 1 பிக்கோஃபாரட்டுக்கும் குறைவான டையோடுகள் கிடைக்கின்றன. எஃப்.எம். அலைக்கு அது 1,500 ஓமுக்கு மேல். கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். அதை மாற்றி வைத்தேன். திரையை எடுத்தே விட்டேன். பாட்டிக்கு நேரம் தெரிய வானொலி போதும்.

*உங்கள் வீட்டுப் பெட்டியும் இரைகிறதா?*

பலகை வரையாதவர்களுக்கும் உதவும் சில வழிகள்:

• பெட்டியைக் குறை சொல்லும் முன், அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு பெட்டியை வைத்துப் பாருங்கள். இரண்டும் இரைந்தால் இடத்தில் குறை. ஒன்று மட்டும் இரைந்தால் பெட்டியில் குறை.

• பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள சார்ஜர்களையும் எல்.இ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் குறைகிறதோ அதை வானொலியிலிருந்து தள்ளி வையுங்கள்.

• எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர், ஏரியலுக்கு ஏற்ற நீளம். தகரக் கூரை வீடுகளில் பெட்டியைச் சன்னல் ஓரம் வைத்தாலே பாதி சரியாகும்.

• கைப்பேசியில் எஃப்.எம். கேட்பவர்கள் காதொலிக் கம்பியைச் செருகியே ஆக வேண்டும். அந்தக் கம்பிதான் ஏரியல்.

• நீங்களே பலகை செய்பவர் என்றால், ஏரியல் பாதையைக் குட்டையாக வையுங்கள். திரைக்கும் மின்மாற்றுப் பகுதிக்கும் தொலைவில் வையுங்கள். அந்தப் பாதையில் வைக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை பிக்கோஃபாரட் என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

• வெளியே ஏரியல் கட்டியிருந்தால், இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். நேராக விழும் மின்னலை எந்தச் சிறு டையோடும் தடுக்காது.

பெட்டியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை எனக்கு நிகழ்ச்சி. முடித்துவிட்டு வெளியே வந்ததும் கைப்பேசி அடித்தது. பாட்டிதான். வாசலில் நின்று பேசியிருக்க வேண்டும். குரல் விட்டு விட்டு வந்தது.

“எப்படிக் கேட்டுச்சு, பாட்டி? தெளிவா இருந்துச்சா?”

“அதெல்லாம் இருந்துச்சு. ஆமா, உனக்கு ஏன் தொண்டை கட்டியிருக்கு? ராத்திரி ஐஸ் தண்ணி குடிச்சியா? சுக்குத் தட்டிப் போட்டுக் குடிப்பா.”

அன்று என் தொண்டை லேசாகக் கட்டியிருந்தது உண்மைதான். நிலையத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.